யார் சொன்னது, வேறு யார் சொன்னது?



"முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலும் ஏன் ஐபாட்? வீட்டில் பார்ப்பது காணாதோ?" விட்பியில் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஒன்ராறியோவின் கணித பாடத்திட்டத்தில் 2020 செப்டெம்பர் முதல் முதலாம் வகுப்பிலேயே 'கோடிங்' உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். ஒரு பிள்ளை "இரண்டு அடி முன்னுக்கு, பிறகு வலப்பக்கம் திரும்பு" என்று சொல்ல, மற்றப் பிள்ளை அப்படியே நடக்கும். மேசையில் முட்டினால், சொன்னதில் எங்கே பிழை என்று இரண்டு பேரும் தேடவேண்டும். இதற்குக் கணனியே தேவையில்லை. ஸ்கிராட்ச் ஜூனியர் போன்றவை பிறகு வரும். ஐந்தொகை பொருந்தாதபோது கணக்காளர்கள் நாங்கள் செய்வதும் இதே வேலைதான்!

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 2023இல் வந்த மொழிப் பாடத்திட்டம். முதலாம் வகுப்பிலிருந்தே டிஜிட்டல் ஊடக அறிவு அதில் ஒரு பகுதி. இந்தப் படத்தை யார் செய்தது, எதற்காக, இது உண்மையா என்று பிள்ளையைக் கேட்கப் பழக்குவது. 1999இல் கனடாத் தொலைக்காட்சியில், வீட்டுக்குள் ஓடித்திரியும் ஒரு குட்டி நீர்யானையின் விளம்பரம் வந்தது. வந்த புதிதில் அதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்ணால் கண்டதையெல்லாம் நம்பாதே என்று சிறுவருக்குச் சொல்லவே அதை எடுத்தார்கள். ஒட்டாவாவிலுள்ள மீடியாஸ்மார்ட்ஸ் நிறுவனம் 2019இல் இணைய காலத்துக்கென அதைப் புதுப்பித்தது.

இந்தப் பாடம் எங்களுக்குப் புதிதில்லை. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். இலங்கை வானொலி ஒன்று சொல்லும், பிபிசி தமிழோசை இன்னொன்று சொல்லும், வெரித்தாஸ் வேறொன்று சொல்லும். மூன்றையும் கேட்டுவிட்டுத்தான், இரவு வீட்டில் படுப்பதா வெளிக்கிடுவதா என்று முடிவெடுத்தோம்.

அப்படிக் கேட்டவர்களின் கைத்தொலைபேசிக்குத்தான் இப்போது, வருமானவரித் திணைக்களம் என்று பொய்சொல்லி அழைப்பு வருகிறது. பரிசு அட்டை வாங்கி இலக்கத்தைச் சொல், இல்லாவிட்டால் பொலிஸ் வரும், நாடு கடத்துவோம் என்று வெருட்டுகிறார்கள். திணைக்களம் ஒருபோதும் பரிசு அட்டையில் வரி கேட்பதில்லை. ஆனாலும் ஒருகாலத்தில் உண்மையாகவே கதவு தட்டப்பட்ட வீடுகள் எங்களுடையவை. அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

ஆகவே அம்மம்மாவையும் பேரப்பிள்ளையையும் வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் ஒன்றாக இருத்துங்கள். வட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தையோ செய்தியையோ எடுத்து, யார் சொன்னது, வேறு யார் சொன்னது என்று தமிழிலேயே கதைக்கட்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக் கேள்வி தெரியும். அம்மம்மாவுக்கு மூன்று வானொலி கேட்ட அனுபவம் இருக்கிறது. வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். சில வீடுகளில் அதுவும் நடக்கிறது.

பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது, எத்தனை நிமிடம் ஐபாட் பார்த்தது என்பதோடு, அதில் என்ன செய்தது, எதைப் பற்றிக் கேள்வி கேட்டது என்றும் ஆசிரியரிடம் விசாரியுங்கள். ஆங்கிலம் தடக்கினாலும் பரவாயில்லை.