அடுக்கில் இல்லாத புத்தகம்

பட்டியலில் இருக்கிறது, அடுக்கில் இல்லை. பல்கலைக்கழக நூலகங்களுக்கு வரும் குறைகளில் மிகப் பழையது இது. இன்றும் ஓயாமல் வருவதும் இதுதான். கேட்கச் சிறிய குறை. அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். திரும்பி வந்த புத்தகம் இன்னும் தள்ளுவண்டியிலேயே கிடக்கலாம். எடுத்துப் பார்த்தவர் வேறு அடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கலாம். தேர்வு நேரத்தில் தனக்கு மட்டும் கிடைக்க வேண்டும் என்று யாராவது ஒளித்து வைத்திருக்கலாம். புத்தகம் தொலைந்து பல ஆண்டுகள் ஆகியும் பட்டியலில் அதன் பெயர் நீக்கப்படாமல் இருக்கலாம். முதலாவதைச் சரிசெய்யக் கூடுதல் ஆள் வேண்டும். ஒளித்து வைப்பதைக் குறைக்கக் கூடுதல் படிகள் வாங்க வேண்டும். தொலைந்ததைக் கண்டறிய முறையான இருப்புச் சரிபார்ப்பு வேண்டும். வாசகர் எழுதிய ஒரு வரியில் இந்த விடைகள் எதுவும் இராது. எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். வாசகர் கருத்தின் பயன் அங்கேதான் தொடங்குகிறது.

வாசகரை நடுவில் வைத்து நூலகத்தை மதிப்பிடும் எண்ணம் வேரூன்றியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியதும், வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வழங்கல் மேசையில் நீளும் வரிசை, சரியாக ஒட்டப்படாத அடுக்கு எண், அடிக்கடி நின்றுபோகும் வைஃபை என்று இன்று வரும் குறைகளில் பலவற்றை அந்த ஒரு விதியின் கீழேயே வைத்துவிடலாம்.

குறையைக் கேட்டு அனுதாபப்படுவது ஒன்று. அதன் வேரைத் தேடிப் போவது வேறு. 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தில் மைக்கேல் பக்லண்டும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டாவதைச் செய்தார்கள். மாணவர் தேடிவரும் புத்தகம் ஏன் கைக்குக் கிடைப்பதில்லை என்று கணக்குப் போட்டு ஆராய்ந்தார்கள். எல்லோரும் கேட்கும் சில புத்தகங்கள், எப்போதாவது ஒருவர் கேட்கும் ஏராளமான புத்தகங்கள் என்று தேவை ஏற்றத்தாழ்வாக இருந்தது. அதற்கேற்பக் கடன் காலமும் மாற்றப்பட்டது. அதிகம் கேட்கப்படும் புத்தகங்களுக்குக் குறுகிய தவணை, மற்றவற்றுக்கு நீண்ட தவணை, தேவையான இடத்தில் கூடுதல் படிகள். புத்தகங்கள் கிடைக்கத் தொடங்கின. அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. போனால் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்ததும் மாணவர்கள் முன்னைவிட அதிகமாகப் புத்தகம் எடுத்தார்கள். அதனால் கிடைக்கும் வாய்ப்பு மறுபடியும் ஓரளவு குறைந்தது. நூலகத்தின் தரத்தைக் குறைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. நன்றாக நடக்கும் நூலகத்தில் எதிர்பார்ப்பு உயர்கிறது. குறைகளும் கூடவே வருகின்றன.

எதிர்பார்ப்பையே அளந்தால் என்ன? அந்த வழியில் பிறந்ததுதான் லிப்குவால் என்ற கணிப்பு முறை. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் சந்தையியல் பேராசிரியரான ஏ. பரசுராமன், வலேரி சைதாமல், லியோனார்டு பெரி ஆகிய இருவருடன் சேர்ந்து, சேவைத் தரத்தை அளக்கும் ஒரு வினாப் பட்டியலை 1988-இல் வெளியிட்டார். சேவை நிறுவனங்களுக்காக உருவான அந்த முறையை, டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் வட அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் 2000-ஐ ஒட்டி நூலகங்களுக்காகத் திருத்தி அமைத்தன.

லிப்குவாலின் அடிப்படைக் கேள்விகள் 22. பணியாளர் நடந்துகொள்ளும் விதம், வேண்டிய தகவல் கைக்கு எட்டும் வசதி, நூலகம் என்னும் இடம் ஆகிய மூன்றைப் பற்றியே அவை கேட்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஒன்பதுக்குள் மூன்று மதிப்பெண்கள். எந்த அளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், எந்த அளவு இருந்தால் மனநிறைவு, உண்மையில் எந்த அளவு இருக்கிறது. ஓர் ஆய்வு மாணவி அமைதியான இருக்கைக்கு முறையே ஆறு, எட்டு, ஐந்து போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அச்சு இதழ்களுக்கு மூன்று, ஐந்து, நான்கு போடுகிறார். இருப்பதை மட்டும் பார்த்தால் ஐந்து பெற்ற இருக்கை, நான்கு பெற்ற இதழைவிட மேல். ஆனால் இருக்கை, அவர் பொறுத்துக்கொள்ளும் எல்லைக்கும் கீழே இருக்கிறது. இதழ்களைப் பற்றி அவருக்குப் பெரிய மனக்குறை இல்லை. பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்பது அந்த இடைவெளியில் தெரிகிறது. "நன்று, சுமார், மோசம்" என்று கட்டம் போட்ட சாதாரணப் படிவத்தில் இது தெரியாது.

எண்கள் சொல்லாததைப் படிவத்தின் கடைசியில் இருக்கும் வெற்றுக் கட்டம் சொல்கிறது. அங்கே முரண்பட்ட கருத்துகள் பக்கம் பக்கமாக வரும். ஒருவருக்குக் குளிரூட்டி போதவில்லை, அடுத்தவருக்கு நடுக்கம். ஒருவர் குழுவாக உட்கார்ந்து பேசிப் படிக்க இடம் கேட்கிறார், இன்னொருவர் பேச்சுச் சத்தத்தால் படிக்க முடியவில்லை என்கிறார். இரண்டுமே நியாயம். இரண்டையும் சராசரியாக்கினால் யாருக்கும் உதவாது. பல நூலகங்கள் ஒரு தளத்தைப் பேசுவதற்கும் இன்னொரு தளத்தை அமைதிக்கும் ஒதுக்கியிருப்பது இப்படிப்பட்ட முரண்களைத் தள்ளிவிடாமல் படித்ததன் பலன். பையை வைத்து இடம் பிடித்துவிட்டு நெடுநேரம் காணாமல் போவது, மடிக்கணினிக்கு ப்ளக் பாயின்ட் இல்லாதது, கழிப்பறையில் தண்ணீர் வராதது எல்லாம் இங்கேதான் எழுதப்படுகின்றன. இவற்றைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவது தவறு. மாணவர் மாலை முழுவதும் உட்காருவாரா, அரை மணியில் எழுந்து போவாரா என்பதைத் தீர்மானிப்பவை இவையே.

எந்தப் படிவமும் நூலகத்துக்கு வராதவரை எட்டாது. கருத்து எழுதும் பழக்கம் இல்லாதவரையும் எட்டாது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் இதற்காக நான்சி ஃப்ரைடு ஃபாஸ்டர் என்ற மானிடவியலாளரின் உதவியை நாடியது. மாணவர்கள் தங்கள் ஒரு நாள் நடமாட்டத்தை வரைபடத்தில் குறித்தார்கள். படிக்கும் இடங்களைப் புகைப்படம் எடுத்தார்கள். தாங்கள் விரும்பும் நூலகத்தைத் தாளில் வரைந்து காட்டினார்கள். நூலகர்கள் வீட்டுக்குப் போன பிறகே பலருடைய படிப்பு சூடுபிடித்தது என்பது அப்போது தெரிய வந்தது. இந்த ஆய்வு 2007-இல் நூலாகவும் வந்தது.

பெயர் சொல்லாமல் எழுதும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவரின் கடுமையைப் பற்றி எழுதும் மாணவர், நாளை அதே கவுன்டரில்தான் போய் நிற்க வேண்டும். எழுதியதற்குப் பதில் வருவதும் அதே அளவு முக்கியம். கேட்டது, செய்தது, செய்ய முடியாதது, அதற்கான காரணம் எல்லாவற்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால், அடுத்த முறை படிவம் நிரம்பி வரும். பதில் வராத ஆலோசனைப் பெட்டியில் ஒருசில மாதங்களில் தாள் விழுவது நின்றுவிடும். எல்லாம் நூலகரின் கையில் இல்லை என்பதும் உண்மை. மின்சாரமும் கழிப்பறையும் கட்டடப் பிரிவின் பொறுப்பு. இதழ்ச் சந்தாவுக்கான பணம் நிர்வாகத்தின் கையில். நிதிக் கூட்டத்துக்குப் போகும் நூலகரிடம், வாசகர்கள் தங்கள் கைப்பட எழுதித் தேதியிட்ட தாள்கள் இருந்தால், அவர் கேட்பதற்கு ஆதாரம் இருக்கும்.