கடைசியாக வருபவருக்கும் கைதட்டுங்கள்

(நமது குடியிருப்பு விளையாட்டு விழாவில் பேசியது)

நான் படித்தது கோவில்பட்டியில். தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி, இந்த மூன்றும்தான் எங்கள் ஊர். 1975இல் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பை வாங்கியபோது நான் ஒன்பதாம் வகுப்பு.

பள்ளி அணியில் எனக்கு இடமில்லை. ஆடுகிற 11 பேருக்கும் தண்ணீர் கொண்டுபோவேன். தொண்டை கட்டும்வரை கத்துவேன். ஒரு போட்டியில் எங்கள் கோல்கீப்பர் கடைசி நிமிடத்தில் பந்தை விட்டுவிட்டான். கூட்டம் திட்டியது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் அவன் மைதானத்துக்கே வரவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இன்று நம் பிள்ளைகள் ஓடப்போகிறார்கள். செல்போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். கடைசியாக வரும் குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டுங்கள்.