பிணை நின்ற மனிதர்: எஸ்.ஆர். நாதன்

(தொலைக்காட்சி மன்ற உரையின் எழுத்து வடிவம்)



ராஜதந்திரி என்றதும் பலர் மனத்தில் ஓர் உருவம் தோன்றும். கோட்டும் டையும், விருந்து மண்டபம், நயமான பேச்சு, எதையும் காட்டிக்கொள்ளாத சிரிப்பு. இவையெல்லாம் அந்தத் தொழிலின் மேற்பூச்சுதான். உள்ளே இருப்பது வேறு. ஒரு நாடு கொடுக்கும் வாக்குக்கு ஒரு மனிதன் பிணை நிற்பதுதான் ராஜதந்திரம். இதை உவமையாக அல்ல, உண்மையாகவே செய்து காட்டியவர் சிங்கப்பூரின் மூத்த அரசதந்திரிகளில் ஒருவரான எஸ்.ஆர். நாதன்.

1974 ஜனவரி 31. புக்கோம் தீவில் இருந்த ஷெல் எண்ணெய் ஆலையை ஆயுதம் ஏந்திய நால்வர் தாக்கினார்கள். இருவர் ஜப்பானியச் செம்படையினர், இருவர் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர்கள். தப்பிக்க வழியில்லாமல் 'லாஜு' என்ற படகைக் கைப்பற்றி, அதன் ஊழியர்களைப் பிணையாகப் பிடித்தார்கள். பேச்சு பல நாள் நீண்டது. அதற்குள் குவைத்தில் இருந்த ஜப்பானியத் தூதரகத்தை அவர்களுடைய கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு முடிவு ஏற்பட்டது. படகில் இருப்பவர்களை விட்டுவிட வேண்டும். தாக்கியவர்களை விமானத்தில் குவைத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்வதற்கு உத்தரவாதமாகச் சிங்கப்பூர் அதிகாரிகளும் அதே விமானத்தில் ஏற வேண்டும்.

அப்படி ஏறிய 13 பேருக்குத் தலைமை தாங்கியவர் நாதன். அப்போது அவர் தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநர். போனால் திரும்பி வருவோமா என்பது அந்த 13 பேரில் ஒருவருக்கும் தெரியாது. குவைத் விமான நிலையத்தில் மீண்டும் இழுபறி. ஒருவழியாகப் பிரச்சினை தீர்ந்து பிப்ரவரி 9ஆம் தேதி எல்லோரும் உயிரோடு நாடு திரும்பினார்கள். சிங்கப்பூர் சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகூட நிறையாத நேரம் அது.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? செல்லப்பன் ராமநாதன் 1924 ஜூலை 3ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தார். சிறு வயதில் வளர்ந்தது ஜொகூர் மாநிலத்தின் மூவாரில். தந்தை வழக்கறிஞர் நிறுவனத்தில் எழுத்தர். 1930களில் ரப்பர் விலை விழுந்தபோது கடன் நெருக்கித் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார். பிள்ளைக்கு எட்டு வயது. அதன்பின் பள்ளியிலும் சரியாக நிலைக்கவில்லை. இளம் வயதிலேயே வீட்டைவிட்டு ஓடினார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போர் முடிந்ததும் வேலை செய்துகொண்டே படித்து, 1954ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். அப்போது வயது முப்பது.

முதல் அரசாங்க வேலை மருத்துவமனையில் சமூக நல ஊழியர். அடுத்து கப்பல் தொழிலாளர் நல அதிகாரி. 1962ல் தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு. நோயாளி, மாலுமி, தொழிலாளி என்று அன்றாடம் அல்லல்படுகிறவர்களின் வழக்கைக் கேட்டுப் பழகிய காது அது. முதலாளியின் கோபத்தையும் தொழிலாளியின் கோபத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசத் தெரிந்தவருக்கு, இரண்டு நாடுகளின் கோபத்தைக் கையாள்வது அவ்வளவு புதிதாக இருந்திருக்காது.

1966ல் வெளியுறவு அமைச்சுக்கு வந்தார். அப்போது அது ஆளும் இல்லாத, அனுபவமும் இல்லாத புதிய அமைச்சு. அமைச்சராக இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி பாங்காக்கில் ஐந்து நாடுகள் கூடி ஆசியானைத் தொடங்கியபோது சிங்கப்பூர் சார்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். சிறிய நாட்டுக்கு நண்பர்கள்தான் வேலி என்ற பாடத்தை நாதன் அவரிடம் கற்றார். இடையில் வேறு அமைச்சுகளில் பணியாற்றி, 1979ல் வெளியுறவு அமைச்சின் நிரந்தரச் செயலாளராகத் திரும்பினார். வியட்நாம் படை கம்போடியாவுக்குள் புகுந்திருந்த நேரம். பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்குவதை உலகம் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று ஆசியான் நாடுகள் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் வாதாடிய காலம். சிங்கப்பூருக்கு அது வெறும் கொள்கை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

1988ல் மலேசியாவுக்குத் தூதராகச் சென்றார். இஸ்ரேலிய அதிபர் 1986ல் சிங்கப்பூருக்கு வந்ததால் அங்கே எழுந்த மனக்கசப்பு முழுவதும் ஆறாத சமயம். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் தூதரின் முதல் வேலை. பிறகு 1990 முதல் 1996 வரை வாஷிங்டனில் தூதர். 1994ல் கார்களில் சாயம் தெளித்த மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் பிரம்படி விதித்தது. அமெரிக்க அதிபரே கருணை கேட்டார். ஆறு அடி நான்காகக் குறைந்தது, ஆனால் தண்டனை ரத்தாகவில்லை. கொதித்துப்போயிருந்த அமெரிக்க மக்களுக்குத் தன் நாட்டுச் சட்டத்தை விளக்கும் பொறுப்பு நாதனுடையது. விருந்தாளியாக இருக்கும் வீட்டில் குரலை உயர்த்தாமல், சொன்ன சொல்லிலிருந்து இறங்காமல் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சிராங்கூன் சாலைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1983 முதல் 1988 வரை இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக இருந்தார். தைப்பூசக் காவடி புறப்படுவதும், தீமிதி ஊர்வலம் கிளம்புவதும் அந்தச் சாலையிலுள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான். அந்தக் கோயிலை நிர்வகிப்பது வாரியமே. உலகத் தலைவர்களிடம் பேசியவர், கோயில் விவகாரங்களுக்கும் நேரம் கொடுத்தார். இந்திய மாணவர்களின் கல்விக்காக 1991ல் உருவான சிண்டாவின் தொடக்கத்திலும் அவர் பங்கு உண்டு.

1999ல், 75 வயதில், நாட்டின் அதிபரானார். 12 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அவ்வளவு காலம் இருந்த அதிபர் வேறு யாரும் இல்லை. 2000ல் 'அதிபர் சவால்' நன்கொடைத் திட்டத்தைத் தொடங்கினார். 2009ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, வேலைகளைக் காப்பாற்ற நாட்டின் சேமிப்பிலிருந்து 490 கோடி வெள்ளி எடுக்க ஒப்புதல் கொடுத்தார். சேமிப்பின் சாவி முதன்முறையாகத் திரும்பியது அப்போதுதான். எடுத்த பணம் 2011ல் திருப்பி வைக்கப்பட்டது.

குறை சொல்பவர்களும் இருந்தார்கள். இரண்டு முறையும் போட்டியின்றியே அதிபரானார், மக்கள் வாக்களிக்க வாய்ப்பே வரவில்லை என்றார்கள். 1982ல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் தலைவராக நியமிக்கப்பட்டபோது, உளவுத்துறையில் இருந்தவர் பத்திரிகைக்கு ஏன் என்று செய்தியாளர்கள் எதிர்த்தார்கள். இவை நியாயமான கேள்விகள்தான். அரசாங்கத்தின் நம்பிக்கைக்கு உரியவர் என்பது அவருடைய பலம். அதுவே சிலருக்குச் சந்தேகமாகவும் பட்டது. வரலாறு இரண்டையும் சேர்த்தே எழுதும்.

2016 ஆகஸ்ட் 22ஆம் தேதி, 92 வயதில் மறைந்தார். அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கில் 'பொற்காலம்' படத்தின் தமிழ்ப் பாட்டு ஒன்று ஒலித்தது. அவருக்குப் பிடித்த பாட்டு. பல ஊர் மண்ணைக் குழைத்து ஒரு பொம்மை செய்வதைப் பற்றியது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் எல்லோரும் கூடியிருந்த மண்டபத்தில் அந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அவர் விட்டுச் சென்றது என்ன? நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1996ல் அவர் இயக்குநராக இருந்து தொடங்கிய ஆய்வுக் கழகம், 2007 முதல் எஸ். ராஜரத்தினம் பெயரில் இயங்குகிறது. வசதி இல்லாத மாணவர்களுக்காக நாதன் பெயரில் கல்வி நிதி ஒன்றும் உண்டு. ஆனால் இவற்றைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. படிப்பு நின்று, வீட்டைவிட்டு ஓடிய ஒரு பையனை யாரோ சிலர் நம்பிப் படிக்க வைத்தார்கள், வேலை கொடுத்தார்கள். அவர்கள் அந்தப் பையனுக்குப் பிணை நின்றார்கள். பின்னாளில் அவர் ஒரு நாட்டுக்கே பிணை நின்றார். இன்று பள்ளியில் பின்தங்கி நிற்கும் நம் பிள்ளைகளில் யார் நாளைய நாதன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பிள்ளையையும் இவன் தேறமாட்டான் என்று கைவிடாதீர்கள். அதுதான் அந்தப் பெரியவருக்குச் செய்யும் மரியாதை.