ஆபீஸ் ஃபைலே பாடப்புத்தகம்
பகல்ல தி.நகர் ஆடிட் ஆபீஸ், ராத்திரி மயிலாப்பூர் ரூம்ல சிஏ ஃபைனல் புத்தகம். ஆர்ட்டிகிள்ஷிப்ல இருக்கற எல்லாரும் கேக்கற கேள்வி: எப்பதான் படிக்கிறது?

2023 ஜூலையில புதிய திட்டம் வந்ததும் 3 வருஷப் பயிற்சி 2 வருஷம் ஆச்சு. அது முடிஞ்சு 6 மாசம் கழிச்சுதான் ஃபைனல் எழுதலாம். 'அப்ப பாத்துக்கலாம்'னு தள்ளிப்போடாதீங்க. 6 மாசத்துல 6 பேப்பரையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சா மூச்சு முட்டும்.

பாண்டி பஜார் துணிக்கடையில ஸ்டாக் எண்ணிட்டு வர்றீங்களா? அன்னிக்கே தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 501 படிங்க. பேங்க்ல பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கேட்டீங்களா? எஸ்ஏ 505. அரை மணி நேரம் போதும். டாக்ஸ் சீசன்ல அதுவும் முடியலையா? செஞ்ச வேலையை நோட்ல ஒரு வரி குறிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை படிச்சுக்கலாம். கையால செஞ்சது பரீட்சை ஹால்ல மறக்காது.