கூண்டு வண்டியும் சிவன்மலைப் பெட்டியும்

(நம் சங்கத்தின் கோடை விடுமுறைக் கூட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வெளிநாட்டில் மோட்டார்ஹோமில் ஊர் சுற்றுகிறார்களே, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார் செயலாளர். கேரவன் என்றதும் நமக்குச் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் பாட்டன் காலத்தில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கும் பழனிக்கும் கூண்டு வண்டி கட்டித்தானே போனார்கள்? அரிசி, பருப்பு, சட்டி பானை, மாட்டுக்குத் தீவனம் எல்லாம் வண்டியிலேயே இருக்கும். வழியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, ராத்திரி வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். கழிப்பறை ஒன்றுதான் குறை!

பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். நமக்கு இப்போதைக்கு ஒரு வாடகை டெம்போ டிராவலர் போதும்.

இந்த மோட்டார்ஹோம்காரர்களில் பலர் சின்னச் சின்ன ஊர்களில் வண்டியை நிறுத்துவதற்கு ஒரு காரணம் ஜியோகேச்சிங் என்கிற விளையாட்டு. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை எடுத்துவிட்டது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலக் காட்டோரம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சில சாமான்களைப் போட்டு வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் வெளியிட்டார். உள்ளே ஒரு கவண்கூட இருந்தது. கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்க வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன.

இதைக் கேட்டதும் எனக்கு நம் சிவன்மலைதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறதல்லவா? யாரோ ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அதுவே இருக்கும், நாள் கணக்கு கிடையாது. இதை விளையாட்டோடு ஒப்பிடுகிறேன் என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெட்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்கவே ஊர் ஊராக ஜனங்கள் வருகிறார்களே, அந்த ஆவலைத்தான் சொல்கிறேன்.

ஆனால் நாம் போய்ப் பெட்டி எதையும் ஒளித்து வைக்கப் போவதில்லை. 1998-ல் கோவையில் குண்டு வெடித்த நாட்களைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்பாரற்ற பை ஒன்று கிடந்தால் இன்றைக்கும் நம் ஆட்கள் தள்ளித்தான் நிற்பார்கள். நம் பிள்ளைகளை அந்தச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. அதனால் பெட்டிக்குப் பதிலாகக் கேள்வி. போனில் இடத்தின் எண்ணைக் கொடுத்துவிடுவோம். அங்கே போய்ப் பார்த்தால்தான் பதில் எழுத முடியும்.

முதல் இடம் சிவன்மலை. பெட்டியில் இன்று என்ன இருக்கிறது? கூகுளில் தேடினால் பழைய பதில்தான் வரும், பரவாயில்லை, மலையேறட்டும்.

அடுத்தது கொடுமணல், நொய்யலின் வடகரையில். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள். சங்க காலத்தில் இங்கே கல்மணி செய்யும் பட்டறைகள் நடந்திருக்கின்றன. அகழாய்வில் மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பச்சைநீலக் கல்லுக்குப் பேர்போன படியூர், நாம் திருப்பூர் போகிற வழியில் சும்மா தாண்டிப் போகிற ஊர்தான். இங்கே மட்டும் ஜியோகேச்சிங் விதி செல்லாது. எதையும் எடுக்கக் கூடாது. மழைக்குப் பின் மேலே வந்து கிடக்கும் ஒரு மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அது எந்த மண்ணடுக்கில் இருந்தது என்கிற செய்தியும் அதோடு போய்விடும். அப்புறம் அது வெறும் மணி. பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிலமும் பிறருடைய காடு, கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பழையகோட்டைப் பக்கம் ஒரு கொறங்காடு. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த மேய்ச்சல் காட்டில்தான். வேலிப் படலைத் திறந்தால் உடனே சாத்த வேண்டும், இல்லையென்றால் மாடு ரோட்டுக்கு வந்துவிடும். ஒரு கிடாரிக்கும் காளைக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம் என்று அங்கே கேள்வி வைத்திருக்கிறோம். மாட்டுக்காரரிடம் பேசாமல் பதில் எழுத முடியாது. நம் பிளாட்டுப் பிள்ளைகள் அவரிடம் என்ன பேசுவார்கள் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி கேட்டில் நிற்கும். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு போதும். பத்து வயதுக்குக் கீழ் இருந்தால் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். செக்யூரிட்டி அறையில் பெயர் எழுதும் நோட்டு இருக்கிறது. இருபது சீட்டில் இதுவரை ஏழு நிரம்பியிருக்கிறது.