ஆற்றைப் படிக்கிற படிப்பு

(வலியசாலை தொடர்கல்வி மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



போன வாரம் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "என் மகள் பிளஸ் டூ பாஸாகிவிட்டாள். சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வேண்டுமாம். கிள்ளியாறு அழுக்கு என்று எனக்கே தெரியும். அதைச் சொல்ல ஒரு படிப்பா? வரன் வேறு வந்திருக்கிறது. கல்யாணத்தை முடித்துவிடட்டுமா?"

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

கிள்ளியாறு நெடுமங்காட்டுப் பக்கம் பிறக்கிறது. நம் கிள்ளிப்பாலம் வழியாக ஓடிக் கரமனையாற்றில் சேர்கிறது. அது அழுக்கு என்று கண் சொல்லும். எவ்வளவு அழுக்கு, எங்கே கலந்தது என்று கண் சொல்லுமா?

ஆற்றில் சாக்கடை விழுகிறது. அதைத் தின்று கிருமிகள் பெருகுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அவை எடுத்துக்கொள்கின்றன. மீன் மூச்சு முட்டிச் சாகிறது. குளிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும். மலத்தில் இருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிலிட்டரில் 2500-ஐத் தாண்டக் கூடாது. இது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த அளவு.

வீட்டுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதிலும் இந்தக் கிருமி வரலாம். சோதித்தால்தான் தெரியும். சோதிக்கப் படித்தவர் வேண்டும்.

2024 ஜூலையில் நடந்தது நினைவிருக்கிறதா? தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள ஒரு தொழிலாளி இறங்கினார். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. குப்பை எங்கிருந்து வருகிறது, மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

முதலில் அறிவியலில் பட்டம் பெற வேண்டும். மேலே படிக்க, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். படித்தவுடன் வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சோதனைக்கூடம், பள்ளிக்கூடம் என்று வழிகள் உண்டு. போட்டியும் உண்டு.

நம் வலியசாலைதான் பழைய காந்தளூர்ச்சாலை என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலை அமைத்தான். காந்தளூரைத்தான் மாதிரியாக வைத்தான். ஆனால் அங்கே படித்தவர்கள் ஆண்பிள்ளைகள். இன்று நம் பெண்ணுக்கும் கதவு திறந்திருக்கிறது.

அக்கா, வரன் இன்னொன்று வரும். கல்லூரியில் சேரும் வயது திரும்பி வராது. நான் அதைத் தவறவிட்டவள். அதனால் சொல்கிறேன். மகளை ஒருநாள் இங்கே கூட்டி வாருங்கள். விண்ணப்பத்தை நாம் எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். கையெழுத்து நீங்களே போடலாம். இப்போதுதான் உங்களுக்கு எழுதத் தெரியுமே!