பட்டியலோடு புகும் பார்வை

பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் ஆய்வேட்டை இட்டுவைத்தால் போதாது. தேடுவோன் கைக்கு அஃது எட்டுதல் வேண்டும். 'உழவு' என்பார் ஒருவர். 'வேளாண்மை' என்பார் இன்னொருவர். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என வரையறுத்த பட்டியல் இருந்தாலன்றோ இருவர் ஏடும் ஓரிடத்தில் சேரும்?

பல பல்கலைக்கழகங்கள் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் பட்டியலையே எடுத்தாள்கின்றன. உழைப்பு மிச்சந்தான், ஆயின் பட்டியலோடு பிறர் நோக்கும் புகுந்துவிடுமே! ஆவணமின்றிக் குடியேறினோரை அப்பட்டியல் 'சட்டப்புறம்பான அயலார்' என்றது. அதனை நீக்குமாறு தார்ட்மவுத்துக் கல்லூரி மாணவர் 2014-இல் வேண்டினர். 2016-இல் நூலகம் இசைந்தது. அரசியலார் குறுக்கே நின்றனர். 2021-இல்தான் அச்சொல் ஒழிந்தது. ஒரு சொல்லுக்கு ஏழாண்டு!

மாவோரி நூலகரோ பிறர் பட்டியல் திருந்தட்டும் எனக் காத்திருக்கவில்லை. நியூசிலாந்து நாட்டு நூலகத்தோடு கூடித் தம் மொழியிலேயே, தம் உலகநோக்கின் முறைவைப்பிலேயே, தனிப்பட்டியல் யாத்துக்கொண்டனர்.